ரிமோட்டை வைத்திருப்பவருக்கான மெனு: ஒரு குடும்ப வீடியோ டிவிடியின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வட்டில் ஒரு குடும்பத்தின் ஆறு ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. குழந்தையின் முதல் பிறந்தநாளும் பள்ளி ஆண்டு விழாவும் விஎச்எஸ் கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றப்பட்டவை. கடற்கரைப் பயணமும் பாட்டியிடம் எடுத்த நேர்காணலும் மினிடிவி நாடாவில் பதிவானவை. புதுவீட்டுக்கு மாறிய நாளும் நீச்சல் போட்டியும் பிற்காலத்து அகலத்திரைக் கேமராவில் எடுக்கப்பட்டவை. எல்லாம் சேர்ந்து 118 நிமிடம். அதில் நேர்காணல் மட்டுமே 41 நிமிடம், புதுவீட்டுப் பதிவோ 9 நிமிடம். எல்லாமே பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், வினாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் உள்ளவை.

இதே பதிவுகளைக் கொண்டு முன்பே ஒரு டிவிடி செய்யப்பட்டிருந்தது. மென்பொருளோடு வந்த ஆயத்த டெம்ப்ளேட் ஒன்றில் கோப்புகளை இழுத்துப் போட்டு, அது தந்த மெனுவை அப்படியே வட்டில் எழுதியிருந்தார்கள். பார்வைக்கு அந்த மெனு குறைவானதாக இல்லை. பூச்சட்டங்களுக்குள் சிறுபடங்கள், பின்னால் மெல்லிசை, பக்கம் புரளும் அசைவு எல்லாம் இருந்தன. ஆனால் அந்த வீட்டின் மூத்தவர்கள் வட்டைப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். எந்தப் படம் தேர்வாகி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை; தெரியாமல் ஓகே பொத்தானை அழுத்தினால் வேறு படம் ஓடியது; அதை நிறுத்திவிட்டு மெனுவுக்குத் திரும்பவும் வழி தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த வட்டின் மெனுவைப் பிரித்துப் பார்த்து, அதே பதிவுகளுக்குப் புதிதாக ஒரு மெனு செய்ததன் விவரமே இந்தக் கட்டுரை. டிவிடி மெனு செய்யும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியவை அம்புக்குறிப் பொத்தான்கள் போகும் வழிகளும், எது தேர்வாகி இருக்கிறது என்று காட்டும் ஒளிர்வுமே என்பது என் உறுதியான கருத்து. பின்னணிப் படம், எழுத்துரு, இசை ஆகியவற்றை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கணினித் திரையில் உடனே கண்ணில் படும் அலங்காரத்தை முதலில் தருகின்றன. அதனால்தான் அவற்றை நம்பிச் செய்த வட்டுகள் தொலைக்காட்சி முன்னால் வந்ததும் தடுமாறுகின்றன.

பழைய மெனுவில் கண்டவை

முதல் குறை வட்டு தொடங்கிய உடனேயே வந்தது. டெம்ப்ளேட்டின் அறிமுக அசைவு முழுவதும் ஓடி முடியும்வரை ரிமோட்டின் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. பயனர் செயல்களை ஆங்காங்கே தடைசெய்யும் வசதி டிவிடி விதிமுறையிலேயே உண்டு. வணிக வட்டுகளில் எச்சரிக்கை வாசகங்களைத் தாண்டவிடாமல் செய்வதற்குப் பயன்படுவது அதுதான். ஒரு குடும்ப வட்டில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

அடுத்தது சிறுபடங்கள். ஒவ்வொரு பதிவின் முதல் ஃபிரேமையே மென்பொருள் சிறுபடமாக எடுத்திருந்தது. நாடாவிலிருந்து ஏற்றிய பதிவுகளின் தொடக்கம் பெரும்பாலும் கறுப்பாகவோ நீலத் திரையாகவோ இருக்கும். ஆகவே ஆறு பெட்டிகளில் நான்கு கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. விஎச்எஸ் பதிவுகளின் அடிவிளிம்பில் வீடியோ தலைகள் மாறுமிடத்தில் தோன்றும் கோணல் பட்டையும் சிறுபடத்தில் தெரிந்தது. பழைய தொலைக்காட்சி அந்த விளிம்பைத் தன் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும். சிறுபடமோ முழு ஃபிரேமையும் சுருக்கித் திரையின் நடுவில் கொண்டுவந்து வைக்கிறது.

ஆறு படங்களும் பக்கத்துக்கு மூன்றாக இரண்டு பக்கங்களில் பிரிந்திருந்தன. இரண்டாம் பக்கத்துக்குச் செல்லும் அம்பு திரையின் கீழ் வலது மூலையில், படக்குழாய்த் தொலைக்காட்சியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும் இடத்தில் இருந்தது. நீச்சல் போட்டி இந்த வட்டில் இருப்பதே சிலருக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

தமிழ்த் தலைப்புகளின் நிலை இன்னும் மோசம். இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத மென்பொருள் என்பதால், கொம்பும் இரட்டைக் கொம்பும் தாம் சேரவேண்டிய எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றன. ஒகர ஓகார எழுத்துகள் துண்டுதுண்டாகக் கிடந்தன. எழுத்துரு மெலிதாக இருந்ததால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தொலைக்காட்சியில் மினுங்கி மறைந்தன.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒளிர்வு. இளமஞ்சள் பின்னணியில், தேர்வான சிறுபடத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று வந்தது. தேர்வாகாதவற்றைச் சுற்றியும் சற்றே வெளிறிய கோடு இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மட்டுமே வேறுபாடு புரியும். இரண்டே பொத்தான்கள் உள்ள மெனுவில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகும்: ஒன்று வெள்ளையாகவும் மற்றது மஞ்சளாகவும் இருந்தால், எந்த நிறம் தேர்வைக் குறிக்கிறது என்று பார்ப்பவர் எதைக்கொண்டு அறிவார்?

ஒளிர்வின் எல்லைகள்

டிவிடி மெனுவின் ஒளிர்வு ஏன் இவ்வளவு எளிதில் கெட்டுப்போகிறது என்பதை அறிய, அது வட்டில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மெனு என்பது அடிப்படையில், டிவிடிக்கே உரிய எம்பெக்-2 முறையில் சுருக்கிய ஒரு வீடியோ. அதன்மேல் துணைப்படம் என்ற மெல்லிய அடுக்கு ஒன்று படிகிறது. படங்களின் வசனவரிகளும் இதே அடுக்கில்தான் வருகின்றன. துணைப்படத்தின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் (பிக்சலுக்கும்) 2 பிட் மட்டுமே ஒதுக்கீடு என்பதால், ஒரு நேரத்தில் 4 நிறங்களுக்கு மேல் அதில் இடமில்லை. அவற்றில் ஒன்று பெரும்பாலும் முழு ஒளிபுகும் பின்னணிக்கே போய்விடும். அந்த 4 நிறங்களும் 16 நிறங்கள் கொண்ட தட்டிலிருந்து எடுக்கப்படுகின்றன; ஒவ்வொன்றுக்கும் 16 படிநிலைகளில் ஒளிபுகுதன்மை வைக்கலாம். பொத்தான் என்பது இந்த அடுக்கின்மேல் வரையறுக்கப்பட்ட ஒரு செவ்வகம். பொத்தான் தேர்வாகும்போதும் அழுத்தப்படும்போதும் பிளேயர் செய்வதெல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள் இருக்கும் நிறங்களை மாற்றுவது மட்டுமே.

இதிலிருந்து வடிவமைப்புக்கான முதல் முடிவு தானாகவே வருகிறது. தலைப்பு எழுத்துகளைத் துணைப்படத்தில் வைத்தால் அவற்றின் விளிம்புகள் படிக்கட்டுபோல் உடையும். சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துகளில் இது கூடுதலாகவே உறுத்தும். ஆகவே எழுத்துகள் அனைத்தையும் பின்னணி வீடியோவிலேயே வரைந்துவிட்டு, துணைப்படத்தில் தேர்வுக்குறி ஒன்றை மட்டும் வைத்தோம். தேர்வாகாத நிலையில் அந்தக் குறி முழுவதும் ஒளிபுகும். தேர்வானதும் வெளிர் ஆரஞ்சில் தோன்றும். ஓகே அழுத்தியதும் வெள்ளையாக மாறும். திரையில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு குறிதான் இருக்கிறது என்பதால், இது தேர்வா அல்லவா என்ற கேள்விக்கே இடமில்லை. அழுத்திய நிலைக்குத் தனி நிறம் வைப்பதைச் சிலர் வீண் என்பார்கள். ஆனால் லேசர் படத்தின் தொடக்கத்தைத் தேடிச் செல்லும் அந்தச் சிறு இடைவெளியில், தாம் அழுத்தியது வட்டுக்குக் கேட்டுவிட்டது என்று அந்த நிறமாற்றம்தான் பார்ப்பவருக்குச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் மூத்தவர்கள் இரண்டாம் முறையும் அழுத்திவிடுகிறார்கள்.

குறியைத் தலைப்பின் கீழே 6 புள்ளி தடிமனுள்ள கோடாகவும், இடது ஓரத்தில் ஒரு வடிவமாகவும் அமைத்தோம். இன்டர்லேஸ் முறையில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறிமாறி வரையப்படுவதால், ஒரே புள்ளி தடிமனுள்ள கிடைக்கோடு படக்குழாயில் துடித்துக்கொண்டே இருக்கும். நிறவேறுபாட்டை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் சேர்த்தது, நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுபவர்களையும் மனத்தில் கொண்டுதான்.

வழிகளும் பொத்தான் எண்களும்

ஒரு மெனுவில் 36 பொத்தான்கள்வரை வைக்கலாம் என்கிறது விதிமுறை. அகலத்திரை மெனுவைப் பழைய 4:3 திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையுடன் காட்டும் வகையில் செய்தால், ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு இடக்குறிப்புகள் தேவைப்படுவதால் அந்த எண்ணிக்கை 18 ஆகும். படத்தின் இடது வலது ஓரங்களை வெட்டிக் காட்டும் முறையையும் சேர்த்தால் 12. நமக்கு 7 போதும் என்பதால் எண்ணிக்கை இங்கே சிக்கலில்லை. சிக்கல் இடக்குறிப்பில் இருந்தது. பழைய வட்டு அகலத்திரை மெனுவைக் கொண்டிருந்தது. 4:3 தொலைக்காட்சியில் மெனு சுருங்கிக் காட்டப்பட்டபோது ஒளிர்வு மட்டும் பழைய இடத்திலேயே நின்று, சட்டம் ஒருபுறமும் படம் ஒருபுறமுமாகத் தெரிந்தது. புதிய மெனுவை 4:3 வடிவிலேயே செய்ய இதுவே முதன்மைக் காரணம். அகலத்திரைத் தொலைக்காட்சியில் அது இரு பக்கமும் கறுப்புப் பட்டையுடன் வரும். ஒளிர்வு எங்கும் இடம் மாறாது. ஆறில் நான்கு பதிவுகள் 4:3 என்பதால் அது கண்ணுக்கும் அந்நியமாகப் படவில்லை.

ஆறு படங்களும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, எண்களுடன் வரிசையாக நிற்கின்றன. ஏழாவதாக அனைத்தையும் தொடர்ந்து பார்ப்பதற்கான பொத்தான். மேல், கீழ் அம்புகளுக்கு மட்டுமே வேலை. கடைசியில் கீழம்பை அழுத்தினால் முதலாவதுக்கும், முதலாவதில் மேலம்பை அழுத்தினால் ஏழாவதுக்கும் போகும்படி சுற்று இணைப்பு கொடுத்தோம். சுற்று இணைப்பு குழப்பும் என்று கருதுபவர்கள் உண்டு. ஏழு வரிகளும் கண்முன்னே இருக்கும்போது குறி தாவுவது தெளிவாகவே தெரிகிறது. தொடர்ந்து பார்ப்பதற்கான பொத்தானும் ஓர் அழுத்தலில் கைக்கு வந்துவிடுகிறது.

ரிமோட்டின் எண் பொத்தான்களாலும் மெனுப் பொத்தான்களைத் தேர்வு செய்யலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொத்தான்களை வரைந்த வரிசையிலேயே எண் கொடுத்துவிடும் மென்பொருள்களில், நடுவில் ஒன்றை அழித்துத் திரும்ப வரைந்தால் திரையில் மூன்றாவதாக இருப்பது உள்ளே ஏழாவதாகிவிடும். திரையில் அச்சாகும் எண்ணும் வட்டுக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதாலேயே, தொடர்ந்து பார்க்கும் பொத்தானை முதலிடத்தில் வைக்காமல் ஏழாவதாக வைத்தோம்.

பழைய வட்டில் ஒரு படம் முடிந்ததும் கேட்காமலேயே அடுத்தது ஓடத் தொடங்கியது. புதியதில் படம் முடிந்ததும் மெனு வருகிறது. பார்த்து முடித்த படத்துக்கு அடுத்ததன்மேல் குறி நிற்கிறது. டிவிடி பிளேயருக்குள் எண்களை நினைவில் வைக்கும் பதிவகங்கள் உண்டு: 24 அமைப்புப் பதிவகங்கள், 16 பொதுப் பதிவகங்கள். அமைப்புப் பதிவகங்களில் 8ஆம் எண்ணுடையது, தேர்வில் இருக்கும் பொத்தானின் எண்ணை 1024ஆல் பெருக்கி வைத்திருக்கிறது. பிறந்தநாள் பதிவு முடிந்ததும் அதில் 2048 என்று எழுதிவிட்டு மெனுவை அழைத்தால், பள்ளி விழாவின்மேல் குறி வந்து நிற்கும். இந்தச் சிறு ஏற்பாட்டுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். பார்ப்பவருக்கு அது தரும் ஆறுதலோ பெரிது.

வட்டின் உள்ளமைப்பு

ரிமோட்டில் இருவேறு மெனு பொத்தான்கள் இருப்பது வீண் அல்ல. ஒன்று வட்டு முழுவதற்கும் பொதுவான தலைமை மெனுவை அழைக்கும். மற்றது, ஓடிக்கொண்டிருக்கும் படம் அடங்கிய டைட்டில் செட்டின் (வட்டில் படங்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பின்) முதன்மை மெனுவான வேர் மெனுவை அழைக்கும். பழைய வட்டில் இரண்டாவது எங்குமே இணைக்கப்படாததால், அதை அழுத்தியவர்களுக்குத் திரையில் தடைக்குறிதான் கிடைத்தது.

ஒரு டைட்டில் செட்டுக்குள் உள்ள படங்கள் அனைத்தும் ஒரே வடிவ விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதால், 4:3 பதிவுகளும் அகலத்திரைப் பதிவுகளும் பிரிந்தே ஆக வேண்டும். நேர்காணலுக்கு அத்தியாய மெனு தேவைப்பட்டதால் அதையும் தனியே பிரித்தோம். முதல் மூன்று பதிவுகளுடன் சேர்த்து வைத்தால், பிறந்தநாள் ஓடும்போது மெனு பொத்தானை அழுத்தியவருக்கு நேர்காணலின் அத்தியாயங்கள் வந்து நிற்கும். இப்படி மூன்று டைட்டில் செட்டுகள் அமைந்தன: முதலாவதில் 1 முதல் 3வரை, இரண்டாவதில் நேர்காணல், மூன்றாவதில் கடைசி இரண்டு. ஒன்றுக்கும் மூன்றுக்கும் வேர் மெனுவாகப் படமில்லாத வெற்று மெனு ஒன்றை வைத்து, அது உடனே தலைமை மெனுவுக்கு அனுப்பும்படி செய்தோம். எந்த மெனு பொத்தானை அழுத்தினாலும் இப்போது ஏதோ ஒரு மெனு வந்தே தீரும்.

தொடர்ந்து பார்க்கும் வசதிதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரு டைட்டில் செட்டில் ஓடும் படம் இன்னொரு டைட்டில் செட்டின் படத்துக்கு நேரே தாவ டிவிடி விதிமுறை அனுமதிப்பதில்லை; தலைமைப் பகுதிக்கு வந்துதான் போக வேண்டும். அதேபோல் தலைமை மெனுவிலிருந்து ஒரு படத்தின் தொடக்கத்துக்குப் போகலாம், அதன் நடு அத்தியாயத்துக்கு நேரே போக முடியாது. அத்தியாய மெனு டைட்டில் செட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய காரணம் இதுவே. எனவே தலைமைப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்திப்பு வைத்தோம். ஒரு பொதுப் பதிவகம் தொடர்ந்து பார்க்கிறாரா என்பதையும், இன்னொன்று எந்தப் படம் முடிந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு படமும் முடிந்ததும் இந்தச் சந்திப்புக்கு வரும். முதல் பதிவகத்தில் 1 இருந்தால் அடுத்த படம், 0 இருந்தால் மெனு. பொத்தான் ஒன்றுக்கு ஒரு கட்டளைதான் என்பதால், ஏழாவது பொத்தான் முதலில், கட்டளைகள் மட்டுமே கொண்ட மறைவான ஒரு நிரல் தொடருக்குப் போய், அங்கே பதிவகத்தில் 1 எழுதிவிட்டு முதல் படத்தைத் தொடங்குகிறது. தலைமை மெனு தோன்றும்போதெல்லாம் அது மீண்டும் 0 ஆக்கப்படுகிறது. இதை விட்டுவிட்டால், தொடர்ந்து பார்ப்பதை இடையில் நிறுத்திவிட்டு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தவருக்கும் அடுத்தடுத்த படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த அளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதால் டிவிடிஆதர் என்ற கட்டற்ற மென்பொருளையும், துணைப்படத்தைச் சேர்க்க அதனுடன் வரும் ஸ்பூமக்ஸ் கருவியையும் பயன்படுத்தினோம். கட்டளை வரி பழக்கமில்லாதவர்களுக்கு அதே டிவிடிஆதரை உள்ளே கொண்டு இயங்கும் டிவிடிஸ்டைலர் ஏற்றது. டைட்டில் செட், படத்துக்கு முன்னும் பின்னும் இயங்கும் கட்டளைகள் எல்லாவற்றையும் அதிலேயே எழுதலாம். விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் இருந்த டிவிடி மேக்கர், ஆப்பிளின் ஐடிவிடி, அடோபியின் என்கோர் ஆகியவை கைவிடப்பட்டுவிட்டன. பழைய கணினியில் என்கோர் இருந்தால் அது இன்றும் நல்ல கருவியே. ஸ்பூமக்ஸுக்குக் கொடுக்கும் படங்களில் நான்கு நிறங்களுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும் என்பதால், குறியை வரையும்போது விளிம்பு மென்மையாக்கத்தை அணைத்துவிட வேண்டும்.

பின்னணியும் எழுத்தும்

பால் டிவிடியின் ஃபிரேம் 720×576 புள்ளிகள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி முறையில் 720×480. இந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. கணினியில் 720×576 அளவிலேயே வரைந்தால், வட்டம் தொலைக்காட்சியில் அகன்று முட்டையாகும். 768×576 அளவில் வரைந்து, முடிந்த பிறகு அகலத்தை மட்டும் 720க்குச் சுருக்கினோம். என்டிஎஸ்சி வட்டு செய்பவர்கள் 720×540இல் வரைந்து உயரத்தை 480 ஆக்கலாம். குறிக்கான துணைப்படத்தையும் இதே முறையில் சுருக்க வேண்டும். பின்னணி ஒருவிதமாகவும் குறி ஒருவிதமாகவும் சுருங்கினால் இரண்டும் பொருந்தாது.

படக்குழாய்த் தொலைக்காட்சிகள் ஓரங்களை மறைக்கும் என்பதால், எழுத்துகளை நடுவிலுள்ள 80 சதவீதப் பரப்புக்குள் வைப்பது பழைய வழக்கம். தட்டைத் திரைகளுக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், இந்த வீட்டில் இரண்டு வகையும் இருந்தன. 768×576இல் அந்தப் பரப்பு ஏறத்தாழ 614×460. தலைப்புக்கு 80 புள்ளி, வரிக்கு 52 வீதம் ஏழு வரிகளுக்கு 364, ஆக 444, சரியாகப் பொருந்தியது. ஏழாவது பதிவு ஒன்று இருந்து எட்டாவது வரி தேவைப்பட்டிருந்தால் எழுத்தைச் சிறிதாக்குவதைவிட இரண்டு பதிவுகளை ஒன்றாக்கியிருப்பேன்.

எழுத்துகளை இன்க்ஸ்கேப்பில் அமைத்துப் படமாக ஏற்றுமதி செய்தோம்; ஜிம்பும் தமிழைச் சரியாகக் கோக்கும். படமாகிவிட்ட பிறகு, வட்டை உருவாக்கும் ஆதரிங் மென்பொருளுக்குத் தமிழ் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான். தடித்த எழுத்துரு, 34 புள்ளி உயரம், வரிகளுக்கிடையே தாராளமான இடம். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் தனித்துத் தெரிகின்றனவா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம்: தொலைக்காட்சியிலிருந்து வழக்கமாக உட்காரும் தூரத்தில் ‘கடற்கரை’ என்பதில் உள்ள புள்ளி தெரிந்தால் மற்ற எழுத்துகளும் தெரியும். பின்னணி கருநீலம், எழுத்து தூய வெள்ளைக்குச் சற்றுக் கீழான வெண்மை. செறிந்த சிவப்பைத் தவிர்த்தோம், அது ஓரங்களில் கசியும்.

அசைவும் இடக்கணக்கும்

பட்டியலுக்கு வலப்புறம் ஒரு சன்னல் வைத்து, அதில் ஒவ்வொரு பதிவிலிருந்தும் 5 வினாடி வீதம் 30 வினாடி ஓடும்படி செய்தோம். காட்சிகளை விளிம்பு வெட்டி, இன்டர்லேஸ் கோடுகளை நீக்கியே சுருக்கினோம். இல்லாவிட்டால் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரியும். குறி எந்தத் தலைப்பின்மேல் நிற்கிறதோ அந்தப் படத்தின் காட்சியே சன்னலில் வரவேண்டும் என்ற விருப்பம் குடும்பத்தாரிடமிருந்து வந்தது. நான்கு நிறத் துணைப்படத்தால் அது ஆகாது. ஏழு தனி மெனுக்கள் செய்து, தேர்வானதும் தானே இயங்கும் பொத்தான்களால் இணைக்க வேண்டும். ஒவ்வொரு அம்பு அழுத்தலுக்கும் லேசர் புதிய இடத்தைத் தேடிப் போகும் தாமதம் ஏற்படும் என்பதால் அதைக் கைவிட்டோம்.

சுற்றி ஓடும் மெனுவில், முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பும்போது படம் ஒரு நொடி உறைவது பிளேயரின் இயல்பு. அதை நீக்க முடியாது, மறைக்கலாம். கடைசி ஒரு வினாடி முழுவதும் முதல் ஃபிரேமே அசையாமல் நிற்கும்படி செய்தால் உறைவது தெரிவதில்லை. இசைக்குப் பதிலாகக் கடற்கரை நாடாவிலிருந்த அலையோசையை எடுத்து, இரு முனைகளிலும் மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கும்படி, படங்களின் பேச்சொலியைவிட ஏறத்தாழ 10 டெசிபல் தாழ்த்தி வைத்தோம். பாடல் நடுவில் அறுபட்டுத் திரும்பத் தொடங்குவது எரிச்சல் தரும். அலைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை.

ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். அதை 7,080 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்கு 5.3 மெகாபிட் வரும். ஓரளவு இடம் மிச்சம் விட்டு, டால்பி டிஜிட்டல் ஒலிக்கு 192 கிலோபிட்டைக் கழித்தால் படத்துக்கு 4.9 மிஞ்சுகிறது. வீடியோவுக்கு விதிமுறை அனுமதிக்கும் உச்சம் 9.8 என்பதால் இது நடுத்தரமே. இரைச்சல் மிகுந்த விஎச்எஸ் பதிவுகளுக்குக் கூடுதலாகவும் அசைவு குறைந்த நேர்காணலுக்குக் குறைவாகவும் பகிர்ந்தோம். 30 வினாடி மெனுவை 8 மெகாபிட்டில் வைத்தாலும் 30 மெகாபைட்தான் ஆகிறது. மெனுவின் தரத்தைக் குறைத்து இடம் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

நேர்காணலின் அத்தியாயங்கள்

ஒன்பது நிமிடப் பதிவுக்கு அத்தியாய மெனு வேண்டியதில்லை. மற்ற ஐந்துக்கும் அடுத்தடுத்துத் தாவுவதற்கான குறிகள் மட்டும் வைத்தோம். நேர்காணலுக்கு ஏழு அத்தியாயங்கள் கொண்ட தனி மெனு. இங்கே சிறுபடங்களை வைப்பதில் பயனில்லை, ஏனெனில் ஏழிலும் அதே நாற்காலியில் அதே முகம்தான் வரும். எழுத்துகள் மட்டுமே வைத்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அந்தப் பகுதியில் பாட்டி சொன்ன சொற்களிலிருந்தே தலைப்பை எடுத்தோம்.

அத்தியாயக் குறி ஃபிரேம் தொகுதி ஒன்றின் தொடக்கத்தில்தான் விழ முடியும். பால் முறையில் தொகுதிக்கு அதிகபட்சம் 15 ஃபிரேம் என்பதால், குறி 0.6 வினாடிவரை நகர்ந்துவிடலாம். பேச்சின் முதல் அசையை விழுங்க அது போதும். என்கோடிங் செய்யும்போதே அந்த ஏழு இடங்களிலும் புதிய தொகுதி தொடங்கும்படி கட்டாயப்படுத்தி, குறியைப் பேச்சுக்கு அரை வினாடி முன்னால் வைத்தோம். அவர் மூச்சை இழுத்துப் பேசத் தொடங்குவதும் அதில் சேர்ந்துகொண்டது.

சோதனை

கணினியில் விஎல்சி பிளேயரில் பார்ப்பது தேவைதான், ஆனால் அங்கே சுட்டியால் சொடுக்கிப் பார்ப்பவருக்கு அம்பு வழிகளின் குறை ஒருபோதும் தெரியாது. சுட்டியை ஒதுக்கிவிட்டு அம்புப் பொத்தான்களால் மட்டுமே ஒவ்வொரு பொத்தானுக்கும் போய் வந்தோம். பிறகு திரும்ப எழுதக்கூடிய வட்டில் எழுதி, படக்குழாய்த் தொலைக்காட்சியிலும் தட்டைத் திரையிலும் வெவ்வேறு பிளேயர்களில் ஓட்டி, ரிமோட்டை வீட்டின் மூத்தவர்களிடம் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் பார்த்தோம்.

அதில் கிடைத்தது எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்று. இடது ஓரக் குறி முதலில் வலப்பக்கம் நோக்கிய முக்கோணமாக இருந்தது. அதைக் கண்டவர்கள் ஓகேயை அழுத்தாமல் வலது அம்பை அழுத்தினார்கள். திரை காட்டிய திசையில்தான் அவர்கள் கை போனது. முக்கோணத்தை வட்டப் பொட்டாக மாற்றியதும் அந்தத் தயக்கம் நின்றது. எண் பொத்தான்களைப் பாட்டி தாமாகவே கண்டுபிடித்தார். இப்போது அவர் அம்புகளைத் தொடுவதே இல்லை.

இறுதி வடிவத்தை டிவிடி-ஆர் வட்டுகளில் மிதமான வேகத்தில் எழுதி, வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பையும் மெனுவின் மூலப் படங்களையும் டிவிடிஆதர் கோப்பையும் ஒரே அடைவில் சேமித்தோம். வட்டின் உறையில் அச்சிட்ட பட்டியலில் திரையில் உள்ள அதே எண்களே இருக்கின்றன. நேர்காணலுக்கு வசனவரி வேண்டும் என்று காது மந்தமான உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு டைட்டில் செட்டில் 32 துணைப்பட ஓடைகள்வரை வைக்கலாம் என்பதால் அதற்கு இடம் உண்டு. அத்தியாய மெனுவில் எட்டாவது பொத்தானாக அதைச் சேர்க்கும் வேலை நடக்கிறது.